கவிழ்த்துப் பார்த்தால் தெரியும் கை

நம் ஊரில் வெள்ளி வாங்கப் போனால் பேச்சு தராசில்தான் தொடங்கும். எத்தனை கிராம், இன்றைக்கு என்ன விலை, செய்கூலி எவ்வளவு, சேதாரம் எவ்வளவு? செய்கூலியில் கொஞ்சம் குறைத்துக்கொள்ளச் சொல்லிக் கடைக்காரரிடம் மல்லுக்கட்டுவோம். வெள்ளிக்கு விலை உண்டு, உழைப்புக்குத் தள்ளுபடி கேட்கலாம் என்பது நமக்குப் பழகிப்போன கணக்கு.

இந்தக் கணக்கைத் தலைகீழாக்கும் ஒரு வகை வெள்ளி இருக்கிறது. 1888-க்கும் முதல் உலகப் போருக்கும் இடைப்பட்ட காலத்தில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் சின்னச் சின்னப் பட்டறைகளில் சுத்தியலால் அடித்துச் செய்த கிண்ணங்கள், கரண்டிகள், மூடி போட்ட பாத்திரங்கள். 'ஆர்ட்ஸ் அண்ட் கிராஃப்ட்ஸ்' வெள்ளி என்று பெயர். உள்ளங்கை அளவுக் கிண்ணம்தான், உருக்கினால் கிடைக்கும் வெள்ளியைப் போலப் பல மடங்கு விலைக்கு ஏலத்தில் போகும். கொடுப்பது முழுக்கச் செய்கூலிக்குத்தான். அதே காலத்துப் பீங்கான், மண் சாமான்களுக்கும் இதே கதை.

இவற்றைச் சேகரிப்பவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. பொருளைக் கையில் எடுத்த உடனே கவிழ்த்து அடியைப் பார்ப்பார்கள். முன்பக்க அழகு அப்புறம்தான். செய்தது யார் என்பதற்கான தடயம் அடியில்தான் இருக்கும். ஆர்ட்ஸ் அண்ட் கிராஃப்ட்ஸ் என்ற கைவினை இயக்கம் முழுவதுமே அந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான் பிறந்தது, வளர்ந்தது, நொடித்தும் போனது.

1851-இல் லண்டன் ஹைட் பார்க்கில் கண்ணாடி மாளிகை கட்டி, உலகத்துச் சரக்கையெல்லாம் கொண்டுவந்து பெரிய கண்காட்சி நடத்தினார்கள். இயந்திரத்தால் என்னவெல்லாம் செய்யலாம் என்று காட்டிய கண்காட்சி. ஒரு தேநீர்க் கெண்டியின் மேல் கொடி, பூ, சிங்கம், தேவதை என்று ஒரு அங்குலம் விடாமல் அச்சில் அடித்து ஏற்றியிருந்தார்கள். அதைப் பார்த்து முகம் சுளித்தவர்கள் சிலர். கலை விமர்சகர் ஜான் ரஸ்கின் அந்தச் சாமானின் அழகைவிட அதைச் செய்த ஆளைப் பற்றிக் கவலைப்பட்டார். நாள் முழுக்க ஒரே ஆணியின் தலையை மட்டும் செய்துகொண்டிருப்பவன் மனிதனாக எப்படி வாழ்வான் என்பது அவருடைய வாதத்தின் சாரம். கவிஞரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மாரிஸ் அந்த வாதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு நெய்தார், சாயம் போட்டார், அச்சடித்தார்.

அப்புறம் 1887-இல் லண்டனில் 'ஆர்ட்ஸ் அண்ட் கிராஃப்ட்ஸ் எக்ஸிபிஷன் சொசைட்டி' பிறந்தது. பெயரைக் கொடுத்தவர் காப்டன்-சாண்டர்சன் என்ற புத்தகக் கட்டுநர். முதல் கண்காட்சி 1888-இல் ரீஜென்ட் தெருவிலிருந்த நியூ கேலரியில் நடந்தது. அங்கே ஒரு நிபந்தனை வைத்தார்கள். காட்சிக்கு வரும் ஒவ்வொரு பொருளுக்கும் வடிவமைத்தவர் பெயரோடு, அதைக் கையால் செய்து முடித்தவர் பெயரையும் பட்டியலில் போட வேண்டும். இன்றைக்குப் பார்த்தால் சாதாரணமாகத் தெரியலாம். அதுவரை கடையின் பெயரும் முதலாளியின் பெயரும்தான் வெளியே தெரியும். தச்சரும் தட்டாரும் கணக்கிலேயே வரமாட்டார்கள். இந்த இயக்கம் சாதித்தவற்றில் எனக்கு இதுதான் முதலாவதாகப் படுகிறது.

கில்டின் இருபது ஆண்டுகள்

அதே 1888 ஜூனில் லண்டனின் கிழக்குப் பகுதியில், ஏழைகள் நெருக்கியடித்து வாழ்ந்த வைட்சேப்பலில், சார்லஸ் ராபர்ட் ஆஷ்பீ என்ற இளம் கட்டிடக் கலைஞர் 'கில்ட் ஆஃப் ஹேண்டிகிராஃப்ட்' என்ற கைவினைஞர் சங்கத்தைத் தொடங்கினார். வயது 25. முதல் 50 பவுண்டு. ஆஷ்பீக்கு வெள்ளி வேலை தெரியாது. சேர்ந்தவர்களிலும் பலர் பரம்பரைத் தட்டார்கள் இல்லை. தள்ளுவண்டி தள்ளிக்கொண்டிருந்தவர் ஒருவர், மலிவு விலைப் புத்தகக் கடையில் வேலை பார்த்தவர் இன்னொருவர். பழைய நூல்களைப் படித்து, வெள்ளியை உடைத்து, உருக்கி, திரும்ப அடித்துத் தாங்களாகவே கற்றுக்கொண்டார்கள். தொழில் பழகியவனின் கை ஏற்கெனவே வணிகச் சரக்குக்கு வளைந்துபோயிருக்கும், புதிய கையிலிருந்துதான் புதிதாக ஏதாவது வரும் என்பது ஆஷ்பீயின் நம்பிக்கை. ஆரம்பக் காலச் சாமான்களில் தடுமாற்றம் தெரியும். பத்து ஆண்டுகளில் அந்தக் கைகளிலிருந்து வந்தவற்றைப் பார்த்தால் அவர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார் என்று தோன்றுகிறது.

கில்ட் வெள்ளி என்றால் சேகரிப்பவர்கள் மனதில் உடனே வருவது கம்பிக் காதுக் கிண்ணம். ஆழமில்லாத சின்னக் கிண்ணம். அதன் பக்கவாட்டிலிருந்து வெள்ளிக் கம்பிகள் கிளம்பி, கிண்ணத்தை விட்டு வெகுதூரம் வெளியே போய், பெரிய வளைவு எடுத்துத் திரும்பி வந்து உடம்பில் ஒட்டிக்கொள்ளும். கிண்ணத்தைவிடக் காது பெரிதோ என்று தோன்றும். தனியாகப் பார்த்தால் கம்பி மெலிசு, ஆனால் இரண்டு மூன்று கம்பிகள் சேர்ந்து ஓடுவதால் பிடி தாங்கும். சிலவற்றில் கம்பி பிரியும் இடத்தில் ஒரு பச்சைக் கல்லோ நீலக் கல்லோ பதித்திருப்பார்கள். பட்டை தீட்டாத, குமிழ் வடிவக் கல். விலை உயர்ந்த ரத்தினங்களை ஆஷ்பீ தேடிப் போகவில்லை. கிண்ணத்தின் மேற்பரப்பில் ஆயிரக்கணக்கான சின்னச் சின்னத் தளங்கள் இருக்கும். விளக்கடியில் திருப்பினால் ஒவ்வொரு தளமும் தனித்தனியாக மின்னி அணையும், காற்றடிக்கும் குளத்து நீர் மாதிரி.

அவை சுத்தியலின் தடங்கள். ஒரு தட்டையான வெள்ளித் தகட்டை இரும்புப் பட்டடையின் மேல் வைத்துச் சுற்றிச் சுற்றி அடித்தால் அது மெல்லக் குழிந்து எழும்பும். அடிக்க அடிக்க வெள்ளி விறைத்துப்போகும். அப்போது நெருப்பில் காட்டி இளக வைத்து மறுபடி அடிக்க வேண்டும். இப்படிப் பல சுற்று. கடைசியில் மழமழப்பான முகமுள்ள சுத்தியலால் மெதுவாகத் தட்டிச் சமன் செய்வார்கள். அந்தக் கடைசிச் சுற்றின் தடங்களை அன்றைய கடைகள் தேய்த்து அழித்துக் கண்ணாடி மாதிரி ஆக்கிவிடும். கில்ட்காரர்கள் அப்படியே விட்டார்கள். தழும்பை மறைக்க வேண்டாம் என்றார்கள்.

1902-இல் ஆஷ்பீ இன்னும் பெரிய காரியம் செய்தார். லண்டனே வேண்டாம் என்று, ஏறத்தாழ 50 தொழிலாளர்களை, குடும்பத்தோடு சேர்த்தால் 150 பேரை, க்ளாஸ்டர்ஷயர் மாவட்டத்துச் சிப்பிங் கேம்ப்டன் என்ற சிற்றூருக்குக் குடிபெயர்த்தார். காலியாகக் கிடந்த ஒரு பழைய பட்டு ஆலை பட்டறையாயிற்று. தோட்டம், நீச்சல் குளம், நாடகம், மாலை வகுப்புகள் எல்லாம் வந்தன. கைவேலை செய்பவன் நல்ல காற்றில் நல்ல வாழ்க்கை வாழ வேண்டும் என்பதுதான் எண்ணம்.

ஐந்தாறு ஆண்டுகளில் நொடித்துப்போனது. 1907 கடைசியில் கம்பெனியைக் கலைக்க முடிவெடுத்தார்கள், 1908-இல் கலைத்தார்கள். ஆஷ்பீ பிற்பாடு சொன்ன காரணம் யோசிக்க வைப்பது. லண்டனில் வேலை மந்தமானால் ஒரு ஆள் வேறு பட்டறைக்குப் போய் நாலு மாதம் சம்பாதித்துவிட்டுத் திரும்பலாம். கிராமத்தில் அது முடியாது. வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் கூலி கொடுக்க வேண்டும், விற்காத சரக்கு அடுக்கில் சேரும். இன்னொரு பக்கம், வருமானத்துக்குக் கவலைப்படாத வசதியான வீட்டுப் பெண்கள் பொழுதுபோக்காகச் செய்து அடிமாட்டு விலைக்கு விற்ற நகைகளோடு போட்டி. மூன்றாவது போட்டிதான் பெரியது. அது ரீஜென்ட் தெருவிலேயே இருந்தது. அதற்கு வருகிறேன்.

அதற்கு முன்னால் நமக்கு நெருக்கமான ஒரு செய்தி. கேம்ப்டனுக்குப் பக்கத்தில் பிராட் கேம்ப்டனில் பழைய நார்மன் காலத்துத் தேவாலயம் ஒன்று இடிந்து கிடந்தது. அதை வீடாகப் புதுப்பித்துக் கொடுத்தார் ஆஷ்பீ. அதில் குடிவந்தவர் ஆனந்த குமாரசுவாமி. கொழும்பில் 1877-இல் பிறந்தவர், ஈழத் தமிழரான சர் முத்து குமாரசுவாமியின் மகன். இலங்கையில் கனிம ஆய்வுத் துறைக்குத் தலைவராக இருந்தபோது கண்டி நாட்டுக் கைவினைகள் கண்ணெதிரே அழிவதைப் பார்த்துவிட்டு வந்தவர். கில்ட் தன் எசெக்ஸ் ஹவுஸ் அச்சகத்தை விட நேர்ந்தபோது குமாரசுவாமி அதை ஏற்று, இடைக்காலச் சிங்களக் கலையைப் பற்றிய தன் பெரிய நூலை அங்கேயே அச்சிட்டார். 425 படிகள், 1908-இல் முடிந்தது. பழைய ஆங்கிலக் கவிஞர் சாசரின் படைப்புகளை மாரிஸ் தன் புகழ்பெற்ற பதிப்பாக அடித்த அதே கை அச்சு இயந்திரம் அது. கண்டியின் தட்டாரையும் குயவரையும் பற்றிய புத்தகம், இங்கிலாந்தின் தட்டார்கள் வேலையிழந்துகொண்டிருந்த ஊரில், மாரிஸின் அச்சில் பிறந்தது. குமாரசுவாமி இந்தியக் கைவினைஞர்களைப் பற்றி 1909-இல் வெளியிட்ட நூலுக்கு ஆஷ்பீ முன்னுரை எழுதினார்.

கடை போட்ட சுத்தியல் தடம்

ரீஜென்ட் தெருக் கடை என்றது லிபர்ட்டியை. ஆர்தர் லேசன்பி லிபர்ட்டி 1875-இல் தொடங்கிய கடை. 1899-இல் 'சிம்ரிக்' என்ற பெயரில் வெள்ளிச் சாமான்களும், கொஞ்ச நாளில் 'டூட்ரிக்' என்ற பெயரில் பியூட்டர் சாமான்களும் விற்பனைக்கு வந்தன. பியூட்டர் என்பது பெரும்பாலும் வெள்ளீயம் கலந்த உலோகம், வெள்ளியைவிட மங்கலானது, மலிவானது. இவற்றைப் பர்மிங்ஹாமில் ஹேஸ்லர் என்ற தொழிற்சாலை தயாரித்தது. வடிவங்களில் சிறந்தவை இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் இடையிலுள்ள 'ஐல் ஆஃப் மேன்' தீவைச் சேர்ந்த ஆர்ச்சிபால்ட் நாக்ஸ் வரைந்தவை. பழைய கெல்ட் கற்சிலுவைகளில் இருக்கும் பின்னல் கோடுகளை எடுத்து, நம் சிக்குக் கோலம் மாதிரி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரியாமல் ஓடவிட்டிருப்பார். அவற்றின் அழகில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சிக்கல் வேறு இடத்தில். லிபர்ட்டி வடிவமைத்தவர் பெயரை வெளியே விடவில்லை, சாமானின் மேல் கடைப் பெயர்தான். பெரும்பகுதி இயந்திர அச்சில் அடித்தது. கடைசியில் கொஞ்சம் கைவேலை. சிலவற்றில் சுத்தியல் தடத்தையே அச்சில் வெட்டி, அழுத்தி எடுத்தார்கள். கையின் தழும்பை இயந்திரம் போலி செய்தது. கில்ட் கிண்ணத்தைவிட விலை குறைவு, பார்ப்பதற்கு அதே மாதிரி. ஆஷ்பீயின் ஆட்கள் எப்படி ஈடுகொடுக்க முடியும்?

இதில் நானும் ஏமாந்திருக்கிறேன். இங்கிலாந்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழம்பொருள் விற்பவர் ஒருவர் பியூட்டர் தட்டு ஒன்றைக் காட்டி, முழுக்கக் கையால் அடித்தது என்று உறுதியாகச் சொன்னார். சுத்தியல் தடம் பளிச்சென்று இருந்தது. பேரம் பேசாமல் வாங்கி வந்தேன். அன்று ராத்திரி மேசை விளக்கைத் தாழ்த்தி, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி வைத்துப் பார்த்தபோது நெஞ்சு அடைத்தது. விளிம்பில் மூன்று தடங்கள் முக்கோணமாக இருந்தன, பக்கத்தில் ஒன்று கொஞ்சம் நீண்டு. சாண் நீளம் தள்ளி அதே முக்கோணம், அதே நீண்ட தடம். இன்னும் ஒரு சாண் தள்ளி மறுபடியும். மனிதக் கை ஒரே மாதிரி இரண்டு முறை அடிக்காது. தட்டைத் திருப்பினால் பின்பக்கம் வழவழவென்று இருந்தது. அந்தத் தட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. சாய்ந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும் என்று கற்றுக்கொடுத்தது அதுதான்.

இன்னொரு தடயத்தில் அவசரப்படக் கூடாது. கிண்ணத்தின் அடி நடுவில் ஒரு சின்னப் புள்ளி இருந்தால் கடைசல் இயந்திரத்தில் சுழற்றி எடுத்தது என்று சிலர் உடனே ஒதுக்கிவிடுவார்கள். கையால் எழுப்புகிறவரும் கவராயம் வைத்து வட்டம் போட அதே இடத்தில் புள்ளி குத்துவார். புள்ளியோடு, உள்ளே வட்ட வட்டமாக இழைக் கோடுகளும் இருந்தால்தான் கடைசல்.

அப்புறம் வாயைக் கிட்டே கொண்டுபோய் ஒரு முறை ஊதுங்கள், கண்ணாடியைத் துடைக்கும்போது ஊதுவோமே, அப்படி. மூச்சின் ஈரம் படியும்போது, கண்ணுக்குத் தெரியாத பற்றவைப்புத் தையல், யாரோ தேய்த்து அழித்த பழைய பெயரெழுத்து எல்லாம் ஒரு கணம் எழுந்து வந்து மறையும்.

முத்திரை சொல்வதும் சொல்லாததும்

தங்கத்தில் 916 ஹால்மார்க் பார்த்துப் பழகிய நமக்கு ஆங்கில வெள்ளியின் முத்திரை வரிசை புரியக் கஷ்டமில்லை. நடக்கும் சிங்கம் இருந்தால் ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி. சிறுத்தைத் தலை லண்டன், நங்கூரம் பர்மிங்ஹாம், கிரீடம் அந்தக் காலத்து ஷெஃபீல்ட். ஓர் எழுத்து ஆண்டைச் சொல்லும். எழுத்து ஊருக்கு ஊர் வேறு என்பதை மறந்தால் போச்சு. சின்ன 'ஏ' எழுத்து லண்டனில் 1896-இல் தொடங்கியது, பர்மிங்ஹாமில் 1900-இல். முதலில் ஊரைப் பார்த்துவிட்டுத்தான் எழுத்தைப் படிக்க வேண்டும்.

அரசர் அல்லது அரசியின் தலை முத்திரை ஒன்று உண்டு, வரி கட்டியதற்கான அடையாளம். 1890-இல் வரியை நீக்கியதும் அந்தத் தலையும் நின்றுபோனது. ஆகவே 1900-ஆம் ஆண்டுக் கிண்ணம் என்று சொல்லி விக்டோரியா தலையோடு ஒன்றை யாராவது நீட்டினால், கையை மடக்கிக்கொண்டு நகர்ந்துவிடலாம். வேறு பழைய சாமானின் முத்திரையை வெட்டி ஒட்டியிருக்கலாம்.

செய்தவர் முத்திரை என்று சொல்லப்படுவதில்தான் நம் கேள்வி திரும்ப வருகிறது. சட்டப்படி அது, வெள்ளியின் தரத்தைச் சோதித்து முத்திரை குத்தும் சோதனைச் சாலைக்குச் சாமானைக் கொண்டுபோய்க் கொடுத்தவரின் முத்திரை. அடித்தவர் யாரோ, கொண்டுபோனவர் யாரோ. ஆஷ்பீயின் பெயரெழுத்துகள் மூன்றும் கொண்ட 'சி.ஆர்.ஏ.' முத்திரை 1896-இல் பதிவானது. ஆஷ்பீ ஒரு கிண்ணத்தைக்கூட அடித்தவர் இல்லை. 1898-இல் கில்ட் லிமிடெட் கம்பெனியானபோது முத்திரையில் கில்டின் பெயர் ஏறியது. அது நேர்மையான மாற்றம், ஆனாலும் இந்தக் கிண்ணத்தை அடித்தவர் இன்னார் என்று அதிலிருந்து தெரியாது. 1888-இன் கண்காட்சிப் பட்டியலில் கேட்ட பெயர், பொருளின் அடிவயிற்றுக்கு வந்து சேரவில்லை.

இதன் எல்லைக்குப் போனவர் ஓமர் ராம்ஸ்டன். 1939 வரை வாழ்ந்தவர், இங்கிலாந்தின் தேவாலயங்களுக்கும் சங்கங்களுக்கும் ஏராளமான வெள்ளி செய்து கொடுத்த பட்டறை அவருடையது. சாமான்களின் அடியில் லத்தீனில் அழகாக வெட்டியிருக்கும்: 'ஓமர் ராம்ஸ்டன் என்னைச் செய்தார்.' பாத்திரமே பேசுவது போல. அவர் பட்டறையில் திறமையான தட்டார்கள் பலர் வேலை செய்தார்கள், பிற்காலத்தில் ராம்ஸ்டன் சுத்தியல் பிடித்ததே அரிது. வேலை உயர்தரமானது, அதில் குறையில்லை. அந்த வாசகத்தை ஒவ்வொரு முறை படிக்கும்போதும் பெயர் ஏறாத அந்தக் கைகளைத்தான் நினைக்கிறேன்.

அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் ஒருவர் வேறு மாதிரி செய்தார். ஆர்தர் ஸ்டோன், ஷெஃபீல்டில் பிறந்து தொழில் பழகி, 1884-இல் அமெரிக்காவுக்குப் போனவர். 1901-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கார்ட்னர் என்ற ஊரில் சொந்தப் பட்டறை போட்டார். அவருடைய முத்திரை 'ஸ்டோன்' என்ற பெயர், அதன் குறுக்கே ஒரு சுத்தியல். அதன் பக்கத்தில், பல சாமான்களில், இன்னொரு தனி எழுத்து சின்னதாக இருக்கும். அதைச் செய்த தொழிலாளியின் பெயரின் முதலெழுத்து! முதலாளியின் பெயருக்குப் பக்கத்தில் தன் எழுத்தைப் பதிக்க உரிமை கொடுத்தார். மொத்த இயக்கமும் பேசிய லட்சியம் அந்த ஒற்றை எழுத்தில் நிறைவேறியிருக்கிறது. எனக்கு வாய்ப்புக் கிடைத்தால் கில்ட் கிண்ணத்தைவிட முதலில் ஒரு ஸ்டோன் கரண்டி வாங்குவேன்.

மண்ணில் எழுதிய பெயர்

மண் சாமானில் இந்த விஷயம் கொஞ்சம் எளிது. ஈர மண்ணில் ஒரு குச்சியால் யார் வேண்டுமானாலும் தன் பெயரைக் கீறிவிடலாம், சோதனைச் சாலை தேவையில்லை.

வில்லியம் டி மார்கன் மாரிஸின் நண்பர். 1872-இல் லண்டனின் செல்சியில் தொடங்கி, மெர்ட்டன் ஆபி, அப்புறம் ஃபுல்ஹாமின் சாண்ட்ஸ் எண்ட் என்று இடம் மாறி, 1907-இல் மூடும்வரை ஓடுகளும் தட்டுகளும் ஜாடிகளும் செய்தார். பாரசீக, துருக்கிய நீலமும் பச்சையும் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் 'லஸ்டர்'. அதுதான் அவரை ஆட்டிவைத்தது. ஒருமுறை சுட்டு முடித்த பளபளப்பின் மேல் செம்பு அல்லது வெள்ளிச் சேர்மத்தைக் குழைத்துத் தீட்டி, குறைந்த சூட்டில் மறுபடி சூளையில் வைத்து, உள்ளே காற்றுப் போகாமல் புகையை நிறைத்தால், புகை அந்தச் சேர்மத்திலிருந்து ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொள்ளும். மிஞ்சுவது கண்ணுக்குப் புலப்படாத மெல்லிய உலோகப் படலம். நேரே பார்த்தால் செம்மண் நிறம். கொஞ்சம் சாய்த்தால் மாதுளைச் சிவப்பு, தங்கம், புறாக் கழுத்து நிறம் என்று மாறும். சற்றே நேரம் தவறினாலும் மொத்தச் சூளையும் வீண். இந்தச் சோதனையில் அவர் குடியிருந்த வீட்டுக் கூரையே ஒருமுறை தீப்பிடித்தது.

டி மார்கன் வடிவம் வரைந்து கொடுப்பார், தீட்டுவது மற்றவர்கள். ஓடுகளில் அவர் வைத்திருந்த முறை விசித்திரமானது. வடிவத்தை மெல்லிய தாளில் நிறத்தோடு தீட்டி, அந்தத் தாளையே ஓட்டில் ஒட்டி, மேலே பளபளப்புப் பூச்சுக் கொடுத்துச் சூளையில் வைப்பார்கள். தாள் எரிந்து சாம்பலாகிவிடும், நிறம் ஓட்டில் தங்கும். உடம்பு முடியாமல் 1890-களில் குளிர்காலங்களை ஃப்ளாரன்ஸில் கழித்தபோது, அங்கிருந்து வடிவங்களைத் தாளில் அனுப்பி லண்டன் வேலையை நடத்த முடிந்தது. தட்டு, ஜாடிகளின் அடியைக் கவிழ்த்தால் பலவற்றில் தீட்டியவரின் முதலெழுத்துகள் இருக்கும். சார்லஸ் பாசெஞ்சர், ஃப்ரெட் பாசெஞ்சர், ஜோ ஜஸ்டர். இன்றைக்கு டி மார்கன் சேகரிப்பவர்களுக்கு இந்தப் பெயர்கள் மனப்பாடம். ஃப்ரெட் தீட்டிய பாம்புக் கழுத்து அன்னப்பறவைக்கும் மற்றவர் தீட்டியதற்கும் தூரிகை ஓட்டத்தில் வித்தியாசம் சொல்கிறவர்கள் உண்டு. பி அண்ட் ஓ கம்பெனியின் பயணிகள் கப்பல்கள் பலவற்றுக்கும் அவர் ஓட்டுச் சித்திரங்கள் செய்தார். அவற்றில் பெரும்பகுதி கப்பல்களோடு போய்விட்டது.

மார்ட்டின் சகோதரர்களுக்கு இந்தச் சிக்கலே இல்லை, குடும்பமே பட்டறை. ராபர்ட் வாலஸ் செதுக்குவார், வால்டர் சக்கரம் சுற்றிச் சூளை பார்ப்பார், எட்வின் அலங்கரிப்பார், சார்லஸ் லண்டனில் கடையைக் கவனிப்பார். 1877-இலிருந்து சூளை சவுத்தாலில் இருந்தது. இன்று பஞ்சாபிக் கடைகளுக்குப் பெயர்போன அதே சவுத்தால். சூடு உச்சத்தில் இருக்கும்போது சூளைக்குள் உப்பை அள்ளிப் போடுவார்கள். உப்பு ஆவியாகி மண்ணிலுள்ள மணற்சத்தோடு சேர்ந்து, ஆரஞ்சுத் தோல் மாதிரி பொடிப் பொடிக் குழியோடு ஒரு கண்ணாடிப் படலம் படியும். அவர்களுடைய புகழ்பெற்ற பறவைகள் உண்மையில் மூடி போட்ட ஜாடிகள். தலைதான் மூடி. பாதிரியார் மாதிரி, வட்டிக்காரர் மாதிரி, எதையோ மறைக்கும் வக்கீல் மாதிரி ஒவ்வொன்றுக்கும் ஒரு முகம். ஒவ்வொரு சாமானிலும் பெயர், ஊர், மாதம், ஆண்டு எல்லாம் ஈர மண்ணில் கீறியிருக்கும். பறவையில் தலையிலும் கீறியிருக்கும், உடலிலும் கீறியிருக்கும். வாங்குகிறவர் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பார், ஏனென்றால் ஒரு பறவையின் தலையை இன்னொன்றின் உடலில் வைத்து விற்பது நடக்கிற காரியம். கடையைப் பார்த்த சார்லஸுக்குச் சாமானைப் பிரிய மனமில்லை, நல்லவற்றைத் தரைப் பலகைக்கு அடியில் ஒளித்துவைப்பாராம். 1903-இல் கடை தீப்பிடித்து நிறையப் போயிற்று. அதன்பின் அவர் தேறவே இல்லை.

பர்மிங்ஹாமுக்கு அருகே ஸ்மெதிக்கில் 1898-இல் தொடங்கிய ரஸ்கின் பாட்டரி, ஜான் ரஸ்கினின் நினைவாகப் பெயர் வைத்தது. வில்லியம் ஹௌசன் டெய்லர் அதன் உயிர். தன் சாமான்களில் சிலவற்றின் அடியில் ஒரு கத்தரிக்கோல் படம் போடுவார். டெய்லர் என்றால் தையல்காரர் ஆயிற்றே! அதிக வெப்பத்தில் சுட்ட அவருடைய குவளைகளில் ரத்தச் சிவப்பும் ஊதாவும் பச்சைப் பொட்டும் கலந்து ஓடும், ஒன்று போல் இன்னொன்று வராது. 1930-களில் தொழிலை மூடியபோது பூச்சுக் குறிப்புகளையெல்லாம் அழித்துவிட்டார். அந்த ரகசியம் அவரோடு முடிந்தது. இதே பட்டறை சின்ன வட்டப் பீங்கான் வில்லைகளும் செய்தது. அவற்றை நகைகளிலும் பியூட்டர் சாமான்களிலும் கல் மாதிரிப் பதித்தார்கள். புதிதாகச் சேகரிக்கத் தொடங்குகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்த வில்லையைத்தான். கைக்கு அடக்கம், பூச்சின் ஆழத்தைப் பழக நல்ல பாடம்.

அமெரிக்கப் பட்டறைகளில் சின்சினாட்டியின் ரூக்வுட் முத்திரை படிக்கச் சுகமானது. 1880-இல் மரியா லாங்வொர்த் நிக்கல்ஸ் என்ற பெண்மணி தொடங்கியது. 1886-இல் ஒரு கூட்டெழுத்து முத்திரை, அடுத்த ஆண்டிலிருந்து 1900 வரை ஆண்டுக்கு ஒரு தீச்சுடர் அதைச் சுற்றிக் கூடிக்கொண்டே போகும். 1900-இல் 14 சுடர்கள். சுடரை எண்ணினால் ஆண்டு வந்துவிடும். பக்கத்திலேயே தீட்டியவரின் முதலெழுத்துகள்.

வாங்கும்போது குவளையை விரலால் சுண்டிப் பாருங்கள், பானை வாங்கும்போது நம் பாட்டிமார் செய்வதுதான். கணீரென்று வந்தால் சரி, மொந்தென்று வந்தால் எங்கோ கீறல். ஒட்டுப்போட்ட இடத்தைப் புற ஊதா டார்ச் காட்டிக்கொடுக்கும். வெள்ளிக்கு ஒரு வேண்டுகோள். விபூதியோ பல்பொடியோ போட்டுத் தேய்க்கும் வீட்டுப் பழக்கத்தை இவற்றிடம் காட்ட வேண்டாம். முக்கி எடுக்கும் ரசாயனமும் வேண்டாம். நாற்பது முறை தேய்த்தால் சுத்தியல் தடத்தின் விளிம்புகள் மழுங்கிவிடும், செய்கூலி கொடுத்து வாங்கியதே அந்த விளிம்புகளுக்குத்தான். மென்மையான பருத்தித் துணி, எப்போதாவது ஒருமுறை, போதும். குழிகளில் தங்கும் கறுப்பு இருக்கட்டும்.

பார்த்துப் பழக லண்டனின் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியம் போதுமானது. முடிந்தால் சிப்பிங் கேம்ப்டன் வரைக்கும் போக வேண்டும். கில்ட் கலைந்தபோது ஜார்ஜ் ஹார்ட் என்ற வெள்ளி வேலைக்காரர் ஊரைவிட்டுப் போகவில்லை. பழைய பட்டு ஆலையின் மாடியில் சுத்தியலைத் தொடர்ந்து தட்டினார். அவருக்குப் பின் அவர் மகன், அப்புறம் அடுத்தவர்கள் என்று நூறாண்டு தாண்டியும் அந்தப் பட்டறை அதே மாடியில் நடக்கிறது. மரப் படி ஏறிப் போனால் பழைய பில்கள் கூரையிலிருந்து கொத்துக் கொத்தாகத் தொங்கும். பட்டடைகளும் சுத்தியல்களும் மேசை முழுக்கப் பரவிக் கிடக்கும். ஜன்னலோரம் ஒருவர் குனிந்து ஒரு தகட்டைச் சுற்றிச் சுற்றித் தட்டிக்கொண்டிருப்பார்.